கோடீஸ்வரர் கையில் காப்பு! 1906ல் மெட்ராசையே உலுக்கிய ஆர்பத்நாட் பேங்க் திவால் கதை

ஆரணி:

டெபாசிட் போட்ட பணம் போச்சே என்று ஜனங்கள் தலையில் கை வைத்து உட்காருவது நம்ம ஆரணி பக்கம் புதுசு இல்லை. 2022ம் ஆண்டு அந்த வேதனையை ஊரே பார்த்தது.

ஆனால் இதுக்கெல்லாம் தாத்தா மாதிரி ஒரு கேஸ் இருக்கிறது. 1906ம் ஆண்டு சென்னை பீச்சில் இருந்த ஒரு பெரிய பேங்க் ஒரே நாளில் கதவை சாத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்த்து வைத்த பணம் அம்போ ஆனது.

அந்த பேங்க் முதலாளி ஏதோ ஊர் பேர் தெரியாத ஆள் இல்லை. சர் பட்டம் வாங்கிய வெள்ளைக்காரர். மெட்ராஸ் சட்டசபையில் உட்கார்ந்தவர். கவர்னர் வீட்டு விருந்தில் முன்வரிசை ஆள். கடைசியில் அவருக்கு கிடைத்தது 18 மாதம் கடுங்காவல் தண்டனை!

அவர் பெயர் சர் ஜார்ஜ் கஃப் ஆர்பத்நாட். அவர் குடும்பம் எழுந்த கதையும், விழுந்த கதையும், அந்த சாம்பலில் இருந்து நம்ம ஆட்கள் ஒரு பேங்க் கட்டிய கதையும்தான் இது.

ஸ்காட்லாந்தில் இருந்து வந்த குடும்பம்

ஆர்பத்நாட் குடும்பத்துக்கு பூர்வீகம் ஸ்காட்லாந்து. அங்கே எடின்பரோ நகரில் வாழ்ந்த ராபர்ட் ஆர்பத்நாட் என்பவரின் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய் பெரிய ஆள் ஆனார்கள்.

ஒரு மகன் வில்லியம். எடின்பரோ நகரத்துக்கே மேயர் மாதிரியான பதவிக்கு வந்தார். 1822ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் அந்த ஊருக்கு வந்தபோது இவருக்கு பரம்பரை சர் பட்டம் கிடைத்தது.

இன்னொரு மகன் ராபர்ட். இலங்கையில் வெள்ளைக்கார கவர்னரிடம் தலைமை செயலாளர் வேலை பார்த்தார்.

இவர்களுக்கு தம்பி ஜார்ஜ். 1772ல் பிறந்தவர். அண்ணனை தொட்டு இலங்கைக்கு போய், அங்கிருந்து மெட்ராசுக்கு கப்பல் ஏறினார். இங்கே பிரான்சிஸ் லட்டூர் என்பவர் நடத்திய வியாபார கம்பெனியில் பங்காளியாக சேர்ந்தார். கொஞ்ச வருஷத்தில் கம்பெனியின் பெயரே ஆர்பத்நாட் கம்பெனி என்று மாறிவிட்டது.

இந்த ஜார்ஜ் நிறைய சம்பாதித்துக்கொண்டு சீமைக்கு திரும்பினார். அங்கே பங்களா கட்டி வாழ்ந்து 1843ல் காலமானார். ஆனால் மெட்ராஸ் கம்பெனி நிற்கவில்லை. அண்ணன் பிள்ளை, பேரன் என்று அடுத்தடுத்த தலைமுறைக்கு கை மாறிக்கொண்டே இருந்தது.

வாளுக்கு பின்னாடி வந்த தராசு

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் முதலில் நம்ம பக்கம் வந்தது துப்பாக்கியோடுதான். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இதே ஆரணி பக்கத்தில்தான் ரசா சாகிப் படையையும், கூட வந்த பிரெஞ்சு சிப்பாய்களையும் ஜெயித்தார். சண்டை ஓய்ந்து ஆட்சி கைக்கு வந்ததும், பின்னாடியே தராசு பிடிப்பவர்கள் வந்தார்கள். ஆர்பத்நாட் குடும்பம் அந்த வரிசையில் வந்ததுதான்.

இந்த மாதிரி கம்பெனிகளுக்கு அப்போது ஏஜென்சி ஹவுஸ் என்று பெயர். பருத்தி, அவுரி, தோல், காப்பி எல்லாம் ஏற்றுமதி. சீமை சரக்கு இறக்குமதி. கப்பல் ஏஜென்சி, இன்சூரன்ஸ். இதோடு பேங்க் வேலையும் பார்த்தார்கள்.

வெள்ளைக்கார அதிகாரிகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை இங்கே போட்டு வைப்பார்கள். ஊருக்கு பணம் அனுப்புவதும் இவர்கள் மூலம்தான். நாள் போக்கில் நம்ம ஆட்களும் டெபாசிட் போட ஆரம்பித்தார்கள். வக்கீல், பென்ஷன் வாங்கும் குமாஸ்தா, ஜமீன்தார், விதவைப் பெண்கள் என்று எல்லோரும் வந்தார்கள்.

1830ம் ஆண்டுவாக்கில் கல்கத்தாவில் பாமர் கம்பெனி உட்பட பெரிய பெரிய ஏஜென்சி ஹவுஸ்கள் வரிசையாக கவிழ்ந்தன. மெட்ராசில் ஆர்பத்நாட் அசையவில்லை. 1860களில் பம்பாயில் பருத்தி சூதாட்டத்தில் பல பேங்குகள் முங்கியது. அப்போதும் ஆர்பத்நாட் அசையவில்லை.

அதனால் பேர் ஏறிக்கொண்டே போனது. பாரி, பின்னி, ஆர்பத்நாட். மெட்ராஸ் வெள்ளைக்கார கம்பெனிகளில் இந்த மூன்றும்தான் மும்மூர்த்திகள். அதிலும் ஆர்பத்நாட்தான் கெட்டியான இடம் என்று ஊர் நம்பியது. அங்கே பணம் போட்டால் கல்லில் எழுதின மாதிரி என்று நினைத்தார்கள்.

தாத்தா பேர் சொன்ன பேரன்

நம்ம கதாநாயகன் சர் ஜார்ஜ் பிறந்தது 1848 ஆகஸ்ட் மாதம். பட்டம் வாங்கிய வில்லியமின் பேரன். கம்பெனியை வளர்த்த முதல் ஜார்ஜுக்கு அண்ணன் வழியில் பேரன் முறை.

அம்மா வழியும் லேசுப்பட்டது இல்லை. அம்மா கெர்ட்ரூட், பீல்டு மார்ஷல் ஹியூ கஃப் என்பவரின் மகள். இந்தியாவில் வெள்ளைக்கார பட்டாளத்துக்கு தலைமை தளபதியாக இருந்து, சீக்கியர்களுடன் 2 யுத்தம் நடத்தியவர் அந்த கஃப். அந்த தாத்தா பெயர்தான் பேரன் பெயருக்கு நடுவில் ஒட்டிக்கொண்டது.

ஒரு பக்கம் பணக்கார பரம்பரை, இன்னொரு பக்கம் தளபதி பரம்பரை. இப்படிப்பட்டவர் மெட்ராசுக்கு வந்தால் என்ன ஆகும்? கதவு எல்லாம் தானாக திறந்தது.

ஆர்பத்நாட் கம்பெனியின் தலைமை பங்காளி ஆனார். சட்டசபை மெம்பர் ஆனார். அரசாங்க பணத்தையே கையாண்ட பேங்க் ஆஃப் மெட்ராஸ் நிர்வாகத்திலும் அவருக்கு முக்கிய இடம். சர் பட்டமும் வந்தது. தர்ம காரியம், நிதி வசூல் என்றால் கமிட்டியில் இவர் பெயர் இல்லாமல் இருக்காது.

அவர் கையெழுத்து போட்ட ரசீது இருந்தால் போதும், ராத்திரி நிம்மதியாக தூங்கலாம் என்று டெபாசிட்தாரர்கள் நினைத்தார்கள். கணக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் வழி இல்லை.

ஏன் தெரியுமா? ஆர்பத்நாட் ஒரு கூட்டு வியாபாரம். பங்கு விற்ற லிமிடெட் கம்பெனி இல்லை. அதனால் வருஷா வருஷம் வரவு செலவை பேப்பரில் போட வேண்டிய கட்டாயம் கிடையாது. பெட்டியில் என்ன இருக்கிறது என்பது பங்காளிகளுக்கு மட்டும்தான் தெரியும். பெட்டி காலியாகிக்கொண்டிருந்ததும் அவர்களுக்கு மட்டும்தான் தெரிந்தது!

லண்டனில் வெடித்த குண்டு

ஆர்பத்நாட் கம்பெனிக்கு லண்டனில் ஒரு ஜோடி கம்பெனி இருந்தது. மக்ஃபாடியன் கம்பெனி என்று பெயர். அதை நடத்தியவர் பேட்ரிக் மக்ஃபாடியன். இவர் மெட்ராஸ் கம்பெனியிலும் பங்காளி.

மெட்ராசில் ஜனங்கள் போட்ட டெபாசிட் பணம் கப்பலேறி லண்டன் போனது. அங்கே ஊக வியாபாரத்தில் இறங்கியது. சுலபமாக சொன்னால் சூதாட்டம்தான். ஏறும் என்று வாங்கியது இறங்கியது. நஷ்டத்தை மூட இன்னும் பணம் போனது. அதுவும் முங்கியது. இங்கே பழைய டெபாசிட்டுக்கு வட்டி கொடுக்க புது டெபாசிட் வாங்கினார்கள். இந்த சமாச்சாரம் இன்றைக்கும் நமக்கு நன்றாக தெரிந்ததுதானே?

1906 அக்டோபர் 20, சனிக்கிழமை. லண்டனில் மக்ஃபாடியன் தற்கொலை செய்துகொண்டார். செய்தி தந்தியில் மெட்ராசுக்கு பறந்தது.

அக்டோபர் 22, திங்கட்கிழமை. ஆர்பத்நாட் கம்பெனி பட்டுவாடாவை நிறுத்தியது. கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. நூறு வருஷ கம்பெனி ஒரே நாளில் திவால்!

மெட்ராசில் மூலைக்கு மூலை அழுகை. பெண்ணுக்கு கல்யாணத்துக்கு சேர்த்தது போச்சு. வேலையில் இருந்து ஓய்வு பெற்றபோது வந்தது போச்சு. புருஷன் விட்டுப்போன பணத்தின் வட்டியில் கஞ்சி குடித்த விதவைக்கு அதுவும் போச்சு. வெள்ளைக்காரர்களும் தப்பவில்லை.

பக்கத்து வீடு எரிந்தால் நம்ம கூரையிலும் பொறி விழும் என்பார்கள். பின்னி கம்பெனியும் அதே வருஷம் தள்ளாடியது. பிற்பாடு இன்ச்கேப் பிரபு ஆன மக்கே என்பவரின் கூட்டம் கை கொடுத்து அதை தூக்கி நிறுத்தியது. ஆர்பத்நாட்டை தூக்க ஆள் இல்லை.

வெள்ளைக்காரனுக்கு விலங்கு

அப்போது நடந்தது வெள்ளைக்கார ஆட்சி. நீதிபதி வெள்ளைக்காரர், போலீஸ் கமிஷனர் வெள்ளைக்காரர். சர் பட்டக்காரரை யார் தொடுவார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

ஆனால் டெபாசிட்தாரர்கள் விடவில்லை. அவர்களுக்காக வரிந்து கட்டிக்கொண்டு கோர்ட்டில் நின்றவர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி அய்யர். திருவிடைமருதூரில் 1863ல் பிறந்தவர். மெட்ராஸ் ஐகோர்ட்டில் அப்போது முன்னணி வக்கீல்களில் ஒருவர்.

கம்பெனியின் கணக்கு நோட்டுகள் வெளியே வந்தன. கடன் மலை மாதிரி, சொத்து மடு மாதிரி. கூட்டு வியாபாரம் என்பதால் பங்காளிகளின் சொந்த சொத்தும் கடனுக்கு பதில் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாம் திவால் அதிகாரி கைக்கு போனது. ரூபாய்க்கு இத்தனை அணா என்று பங்கு போடும் நிலைமை. முழுசாக போட்ட பணம் துண்டு துண்டாகத்தான் திரும்பியது.

பிறகு கிரிமினல் கேஸ். சர் ஜார்ஜ் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். தீர்ப்பு 18 மாதம் கடுங்காவல். கவர்னரோடு கை குலுக்கிய கைக்கு ஜெயில் வேலை! மெட்ராஸ் மாகாணத்தில் இவ்வளவு உயரத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார முதலாளி கம்பி எண்ணியது ஊர் முழுக்க பேச்சானது.

தண்டனை முடிந்த பிறகு சர் ஜார்ஜுக்கு மெட்ராசில் இடம் இல்லை. சீமைக்கு போனார். அங்கே அமைதியாக வாழ்ந்து, 1929ல் 80 வயதில் காலமானார்.

குடும்பம் என்ன ஆனது?

ஒரு கிளை விழுந்ததால் மரமே சாயவில்லை. இதுதான் இந்த குடும்பத்தின் விசித்திரம்.

சர் ஜார்ஜின் பெரியப்பா சித்தப்பா வரிசையில் ஜான் ஆல்வ்ஸ் ஆர்பத்நாட் என்று ஒருவர். இவர் 1833லேயே லண்டனில் ஆல்பிரட் லேதம் என்பவரோடு சேர்ந்து தனியாக ஒரு கம்பெனி தொடங்கினார். ஆர்பத்நாட் லேதம் என்று பெயர். மெட்ராஸ் கம்பெனி மண்ணோடு மண்ணானாலும், அந்த லண்டன் பேங்க் இன்றைக்கும் நடக்கிறது.

குடும்பத்தின் பரம்பரை சர் பட்டம் வந்து சேர்ந்த நான்காவது ஆள் ராபர்ட் ஆர்பத்நாட், கடற்படை தளபதி. முதல் உலகப்போரில் 1916 மே மாதம் நடந்த ஜட்லண்ட் கடற்போரில் தன் கப்பலோடு முங்கி உயிர் விட்டார்.

ஒரே குடும்பத்தில் ஒருத்தர் போர்க்களத்தில் பேர் வாங்கினார், ஒருத்தர் கோர்ட்டில் பேரை தொலைத்தார்.

அழுத கண்ணீரில் முளைத்த பேங்க்

இனிதான் கதையின் முக்கியமான திருப்பம்.

ஆர்பத்நாட் விழுவதற்கு சரியாக 6 நாள் முன்னாடி, 1906 அக்டோபர் 16ம் தேதி, தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசி கப்பல் கம்பெனி பதிவானது. நாடு முழுக்க சுதேசி காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். நம்ம கப்பல், நம்ம துணி என்று பேசியவர்கள் இப்போது நம்ம பேங்க் என்றும் பேச ஆரம்பித்தார்கள்.

அந்த பேச்சை காரியம் ஆக்கியவரும் அதே கிருஷ்ணசாமி அய்யர்தான். கேஸ் நடத்தியதோடு வேலை முடிந்தது என்று அவர் உட்காரவில்லை. நம்ம ஜனங்கள் பணம் நம்ம கையில், நம்ம கண் முன்னாடி இருக்க வேண்டும் என்று ஊர் பெரிய மனிதர்களை கூட்டினார். வக்கீல்களும், பணம் புழங்கும் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் சேர்ந்தார்கள். ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் சகோதரர் ராமசாமி செட்டியார் அதில் முக்கியமானவர்.

1907 மார்ச் 5ம் தேதி கம்பெனி பதிவானது. அனுமதிக்கப்பட்ட மூலதனம் 20 லட்சம் ரூபாய். அதே வருஷம் ஆகஸ்ட் 15ம் தேதி கதவு திறந்தது. அதுதான் இந்தியன் பேங்க்!

ஆகஸ்ட் 15 என்றால் நமக்கு சுதந்திர தினம். அந்த சுதந்திரத்துக்கு 40 வருஷம் முன்னாடியே பணத்துக்கு ஒரு சின்ன சுதந்திரம் கிடைத்த தேதி அது.

இது ஆர்பத்நாட் மாதிரி மூடி வைத்த பெட்டி இல்லை. பங்குதாரர்கள் உண்டு. டைரக்டர்கள் உண்டு. கணக்கை வெளியே காட்டியாக வேண்டும். பெரிய மனிதரின் பெயரை நம்பி கெட்டவர்கள், இந்த முறை கணக்கு நோட்டை நம்பினார்கள்.

கிருஷ்ணசாமி அய்யர் பற்றி இன்னொரு தகவல். அவர் அரசியலில் மிதவாதி. பாரதியாரோ தீவிரவாதி கட்சி. ஆனாலும் 1907ல் பாரதியாரின் தேசிய பாட்டுகளை தன் செலவில் அச்சடித்து ஊருக்கு கொடுத்தவர் இவர்தான். பிறகு ஐகோர்ட் ஜட்ஜ், கவர்னர் நிர்வாக கவுன்சில் மெம்பர் என்று உயர்ந்து, 1911 டிசம்பரில் 48 வயதிலேயே மறைந்தார்.

1969ல் இந்திரா காந்தி அரசு 14 பேங்குகளை தேசியமயமாக்கியபோது இந்தியன் பேங்கும் அரசு பேங்க் ஆனது. 2020ல் அலகாபாத் பேங்க் இதோடு இணைந்தது. நம்ம திருவண்ணாமலை மாவட்டத்துக்கு முன்னோடி வங்கியும் இதுதான். விவசாய கடன், சுய உதவிக்குழு கடன் என்றெல்லாம் மாவட்ட அளவில் திட்டம் போடுவது இவர்கள் தலைமையில்தான்.

ஆரணிக்கு என்ன பாடம்?

தறி ஓடும் ஊருக்கு நம்பிக்கைதான் மூலதனம். கோறா பட்டு கர்நாடகா பக்கத்தில் இருந்து வரணும். ஜரிகை சூரத்தில் இருந்து வரணும். பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பார், நெசவாளி சேலையை நெய்து கொடுத்து கூலி வாங்குவார். நடுவில் முன்பணம், கடன், வாய்வார்த்தை. ஒரு கண்ணி அறுந்தால் தறி நின்றுபோகும். அதனால்தான் கையில் மிச்சம் ஆகும் நாலு காசை எங்கே போடுவது என்பது நெசவாளிக்கு வாழ்வா சாவா பிரச்சினை.

ஆர்பத்நாட் விழுவதற்கு 2 வருஷம் முன்னாடி, 1904ல், நமக்கு பக்கத்து பட்டு ஊரான காஞ்சிபுரத்தில் ஒரு நகர கூட்டுறவு வங்கி தொடங்கியது. சர் பட்டம் இல்லை, பெரிய கட்டிடம் இல்லை. சின்ன சின்ன ஆட்கள் ஆளுக்கு கொஞ்சம் போட்டு ஆரம்பித்தது. உறுப்பினரே கேள்வி கேட்கலாம், கணக்கை பார்க்கலாம். பெரிய பேங்க் கவிழ்ந்த காலத்தில்தான் இந்த சின்ன வங்கிகள் மாகாணம் முழுக்க வேர் விட்டன.

அப்போதைக்கும் இப்போதைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆர்பத்நாட் போட்ட தூண்டில் பெயர். இப்போது போடும் தூண்டில் வட்டி. 2022ல் ஆரணி உட்பட பல ஊர்களில் ஆபீஸ் போட்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி என்று ஆசை காட்டியதாக பொருளாதார குற்றப்பிரிவு போலீஸ் வழக்கு போட்டது. 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூல் என்பது போலீஸ் சொன்ன கணக்கு.

1906ல் ஏமாந்தவர்களுக்கு இருந்தது திவால் கோர்ட் மட்டும்தான். இப்போது சட்டம் கொஞ்சம் கூட நிற்கிறது. முதலீட்டாளர் நலன் காக்க தமிழ்நாடு 1997லேயே தனி சட்டம் போட்டது. கம்பெனியின் சொத்தை முடக்கி ஏலம் விட்டு பணத்தை திருப்பித்தர அதில் வழி இருக்கிறது. ரிசர்வ் பேங்க் கண்காணிப்பில் உள்ள பேங்கில் போட்ட டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு. ஏலச்சீட்டு, நகைச்சீட்டு, தீபாவளி பண்டு, மாத வட்டி கம்பெனிக்கு அந்த இன்சூரன்ஸ் கிடையாது. இதை மட்டும் மறக்காதீங்க.

சென்னை ராஜாஜி சாலையில், ஒரு காலத்தில் ஆர்பத்நாட் கம்பெனி கொடி கட்டிப் பறந்த இடம் பிற்பாடு இந்தியன் பேங்க் கைக்கே வந்தது. ஹார்பர் பக்கம் போகும் ஆரணிக்காரர்கள் அந்த கட்டிடத்தை ஒரு தடவை நின்று பார்க்கலாம்.

அடுத்த தடவை யாராவது வீட்டுக்கு வந்து டெபாசிட் கேட்டால், முதலாளி யார், வட்டி எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீங்க. ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் எங்கே, கணக்கை தணிக்கை பண்ணுவது யார் என்றும் கேளுங்க. பதில் வரவில்லை என்றால் பீரோ சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்!